ஏட்டில் அடங்கா அறிவு

நிறுவனங்கள் தம் அறிவைப் பேணுவது எங்ஙனம் என்பது மேலாண்மைத் துறையில் இன்று பெரிதும் பேசப்படும் வினாவாகும். ஆவணங்களையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் அறிவைக் காத்துவிட்டோம் என்று கருதுவோர் பலர். நாம் அக்கருத்துக்கு உடன்படுவதற்கில்லை.

மனிதர் அறிந்தவற்றுள் சொல்லில் அடங்காத பகுதி ஒன்றுண்டு என்பதை மைக்கேல் பொலானி 1966இல் வெளியிட்ட சிறு நூலில் விளக்கினார். பெருங்கூட்டத்தில் தெரிந்த முகத்தை நாம் உடனே கண்டுகொள்கிறோம். எவ்வாறு கண்டோம் என்று கேட்டால் விடை சொல்லத் திணறுகிறோம். இவ்வுள்ளுறை அறிவைச் சொல்லாக மாற்றலாம், அச்சொல் மீண்டும் பிறர் கைப்பழக்கமாகும் என்பது ஜப்பானிய அறிஞர் நொனாகா, தாக்கெயுச்சி இருவரின் கொள்கை. 1995இல் வந்த அவர்தம் நூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

அவர்கள் காட்டும் சான்று சுவையானது. மட்சுஷிட்டா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் பொறியொன்றை உருவாக்க முனைந்தது. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. பொறியியலார் எத்துணை ஆராய்ந்தும் பயனில்லை. பின்னர் அந்நிறுவனத்துப் பெண் ஒருவர் ஒசாகா விடுதியொன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் சென்று பயின்றார். அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதைக் கண்டார். பொறியின் உட்புறத்தில் வரம்புகள் அமைத்து அவ்வசைவைக் கொண்டுவந்தனர். 1987இல் பொறி விற்பனைக்கு வந்தது.

ஆயினும் கலைஞரின் அறிவு முழுவதும் பொறிக்குள் புகுந்துவிட்டதா? இல்லை என்று ரிபெய்ரோ, காலின்ஸ் இருவரும் 2007இல் மறுத்தனர். ஓர் அசைவு மட்டுமே புகுந்தது. மாவை அளந்திடுவதும் ரொட்டி நன்றாக வந்ததா என்று தெளிவதும் வீட்டார் பொறுப்பே. நாமும் மறுத்தோர் பக்கமே நிற்கிறோம். நொனாகாவின் கொள்கையைவிட அவர் சொன்ன கதையே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது. அப்பெண் கையேட்டைக் கேட்டு வாங்கவில்லை, அருகில் நின்றார்.

முப்பதாண்டு பணியாற்றிய எழுத்தருக்குச் சால்வை போர்த்தி விடைகொடுக்கிறோம். அடுத்த திங்களே, எந்தக் கோப்பு எங்கே தடைபடும் என்றறிய அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம்!

நம் துறைக்கும் இது பொருந்தும். அரபுத் தமிழ் ஏடுகளைப் படமெடுத்துச் சேமிப்பது நற்பணியே. ஆனால் அரபு எழுத்தில் மறைந்து நிற்கும் தமிழோசையைப் பிறழாமல் படிக்கவல்ல முதியோர் அருகி வருகின்றனர். அவர்களுடன் ஓராண்டு அமர்ந்து பயில இரு மாணவர்க்கேனும் உதவித்தொகை ஒதுக்குமாறு ஆட்சிக் குழுவினரையும் ஊர்ப் பெரியோரையும் கேட்டுக்கொள்கிறோம். படப்பிடிப்புக் கருவியை அதன்பின் வாங்கலாம்.