காத்திருக்கும் இயந்திரத்துக்குக் கூலி உண்டு, காத்திருக்கும் மனிதனுக்கு?

குடிகாட்டில் ஒரு டீக்கடை. ஷிப்டு முடிந்து வந்த ஒரு தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். சிப்காட் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி அவர்.

"தோழர், கரண்ட் தயாரிக்காமல் சும்மா நிற்கிற மெஷினுக்கும் பணம் கொடுக்கிறார்களாமே, நிஜமா? நாம் கேட்டில் சும்மா நின்றால் ஒரு டீ கூட யாரும் வாங்கித் தருவதில்லையே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விளையாட்டாகக் கேட்டது மிகப் பெரிய கேள்வி. சும்மா நிற்கிற இயந்திரத்துக்குப் பணம் கொடுப்பது நிஜம்தான். அது ஏன்? அது நியாயமா? அந்தப் பணம் யார் பைக்குப் போகிறது? இந்த மூன்றையும் ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரம் இன்ஜினீயர்களின் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

தேரும் வடமும்

நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைக்கலாம். வேண்டும்போது அள்ளலாம். மின்சாரம் அப்படியல்ல. நாடு பூராவும் இந்த விநாடி எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவும் இந்த விநாடியே உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேரோட்டம் நடக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள். எல்லாரும் ஒரே வேகத்தில் இழுத்தால் தேர் சீராகப் போகிறது. பத்துப் பேர் வடத்தை விட்டுவிட்டால் மற்றவர்கள் தோளில் பாரம் ஏறும், தேர் தயங்கும். பள்ளத்தில் இறங்கினால் வேகம் பிடிக்கும். அப்போது முட்டுக்கட்டை போடுகிறவர் ஓடி வருவார்.

மின்சாரக் கட்டமைப்பும் ஒரு தேர்தான். வடம் பிடிப்பவை நெய்வேலி, மேட்டூர், குந்தா முதலான மின் நிலையங்கள். பாரம் என்பது நம் ஆலை, நம் பம்புசெட், நம் வீட்டு விளக்கு. தேரின் வேகத்துக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் அதிர்வெண். நம் நாட்டில் அது விநாடிக்கு 50. பெரிய அனல் மின் நிலையத்தின் சுழலி நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுவது இந்தக் கணக்கில்தான். பாரம் கூடினால் நாட்டிலுள்ள சுழலிகள் எல்லாம் ஒன்றாக வேகம் குறையும். ரொம்பவும் குறைந்தால் இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் மற்றதன் மேல் பாரம் ஏறும்; அதுவும் கழலும். பிறகு தேசமே இருட்டு.

இதைத் தடுக்கத்தான் காத்திருப்புச் சக்தி. அதில் மூன்று வரிசை. முதல் வரிசை, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திலேயே உள்ள கவர்னர். வேகம் குறைந்ததும் யாரும் சொல்லாமலே அது நீராவியை அதிகமாகத் திறந்துவிடும். சில விநாடியில் வேலை முடியும். இரண்டாவது வரிசை, டில்லியிலுள்ள தேசியக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து வரும் சமிக்ஞைக்குக் கட்டுப்பட்டு, அரை நிமிஷத்தில் அசைந்து, கால் மணி நேரத்துக்குள் தன் முழுப் பங்கையும் கொடுப்பது. மூன்றாவது வரிசை, அதற்குப் பின் வந்து தோள் கொடுத்து ஒரு மணி நேரமாவது தாங்குவது. முதலில் வந்தவர்கள் அடுத்த ஆபத்துக்குத் தயாராக மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

ஆகவே சும்மா நிற்கும் இயந்திரம் சும்மா நிற்கவில்லை. காத்திருப்பதே அதன் வேலை. அந்த வேலைக்குக் கூலி கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை.

இரண்டு பாடங்கள்

காத்திருப்புச் சக்தியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா பார்த்தது. இரண்டாம் நாள் சுமார் 60 கோடி ஜனங்கள் வாழும் பிரதேசம் இருண்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன. சுரங்கத் தொழிலாளர்கள் பூமிக்கடியில் சிக்கினார்கள். கம்பிகளில் பாரம் மீறியதுதான் ஆரம்பம். ஆனால் கவர்னர்கள் வேண்டிய அளவு வேலை செய்யவில்லை என்பதையும் விசாரணைக் குழு சுட்டிக் காட்டியது.

அன்று நாம் தப்பினோம். காரணம், தென்னிந்தியாவின் தேர் அப்போது தனித்தேர். 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் கம்பி இணைக்கப்பட்டதும் இந்தியா முழுவதும் ஒரே தேராயிற்று. இது நல்லதுதான். பஞ்சம் வந்தால் மற்றவர் தோள் கொடுப்பார். ஆனால் குஜராத்தில் ஒரு நிலையம் நின்றால் அந்த விநாடியே நெய்வேலிச் சுழலிக்கும் தெரியும். பொதுத் தேர் என்றால் பொதுப் பொறுப்பும் வேண்டும்.

இன்னொரு பாடம் 2020 ஏப்ரல் 5. ஊரடங்குக் காலம். இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கை அணைக்கும்படி பிரதமர் சொன்னார். தேசத்தின் மின் தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சடாரென்று சரிந்து, பிறகு திரும்ப ஏறிற்று. தேர் பள்ளத்தில் இறங்கியது போன்ற நிலைமை. கவிழவில்லை. ஏன்? நீர்மின் நிலையங்கள் 17,000 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தியைக் குறைத்தன. விளக்கு எரிந்ததும் மறுபடி ஏற்றிக் கொடுத்தன. அந்த நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை ஜனங்களின் பணத்தில் கட்டப்பட்ட பொதுத்துறை நிலையங்கள். கைதட்டு வேறு யாருக்கோ போயிற்று. முட்டுக்கட்டை போட்டவர்கள் ஊரடங்கிலும் டூட்டிக்கு வந்த தொழிலாளர்கள்.

தேவை ஏன் கூடுகிறது?

தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்றாலை, சூரிய மின்சாரம் இரண்டிலும் நம் மாநிலம் முன்வரிசையில் நிற்கிறது. சந்தோஷம். நிலக்கரிப் புகை குறையட்டும். புகையில் மூச்சுத் திணறுகிற குடிகாட்டு ஜனங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஆரல்வாய்மொழியில் காற்று நம் உத்தரவுக்கு வீசாது. வீட்டில் விளக்கேற்றும் வேளையில் சூரியன் மறைந்துவிடும். எனவே காத்திருப்புச் சக்தி முன்னைவிட அதிகமாக வேண்டும்.

லிக்னைட்டையும் நிலக்கரியையும் எரிக்கும் பெரிய கொதிகலன் ஆறிப்போனால் மறுபடி முழு வேகத்துக்கு வர மணிக்கணக்காகும். அதை அடிக்கடி ஏற்றி இறக்கினால் குழாய்கள் சூடேறி, ஆறி, தேய்கின்றன. அப்போது பராமரிப்பு இரட்டிப்பாக வேண்டும், ஆளும் வேண்டும். 2020ஆம் ஆண்டு மே, ஜூலை மாதங்களில் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளை நம் ஜில்லா மறக்கவில்லை. மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். அந்த விபத்துகளுக்கு ஏற்றி இறக்கியதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கொதிகலனுக்கு அருகில் நிற்பவன் யார், ஆபத்து யார் தலையில் விழுகிறது என்றுதான் சொல்கிறேன்.

இதைவிடச் சிறந்த வழி நம்மிடமே உண்டு. ஆனைமலையில் கடம்பாறை. 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தட்டுப்பாடு வரும்போது இறக்கி உற்பத்தி செய்யும் நிலையம். சில நிமிஷத்தில் முழு வேகம் பிடிக்கும். மின்சாரத்துக்கும் ஒரு பத்தாயம் உண்டென்றால் அது இதுதான். 1980களின் கடைசியில் தமிழ்நாடு மின்சார வாரியம் கட்டியது. எந்த முதலாளியும் கட்டவில்லை. அதே மாதிரி 500 மெகாவாட்டுக்குக் குந்தாவில் தொடங்கிய வேலை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. இதற்கிடையே 2024இல் மாநில சர்க்கார் வெளியிட்ட கொள்கை இந்த வகை நிலையங்களில் தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது.

சந்தை காவல் காக்குமா?

காத்திருப்புச் சக்தியைச் சந்தையில் ஏலம் விட்டு வாங்கலாம், போட்டி வந்தால் விலை குறையும் என்று பண்டிதர்கள் எழுதுகிறார்கள். 2022இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகள் மூன்றாவது வரிசைக்குச் சந்தையைத் திறந்திருக்கின்றன. ஏலத்தில் எடுக்கப்பட்டு, கூப்பிடப்படாமலே காத்திருந்தாலும் அதற்கு ஒரு கட்டணம் உண்டு.

சந்தை எப்படிக் காவல் காக்கும் என்பதை அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணம் காட்டியது. அங்கே பிரதானமாக விற்ற மின்சாரத்துக்குத்தான் விலை. குளிருக்குத் தயாராக இருப்பதற்கு அப்போது தனிக் கட்டாயம் இருக்கவில்லை. குளிருக்குத் தாங்கும்படி இயந்திரங்களைச் செப்பனிட்டு வைப்பதில் லாபம் இல்லை; பலர் செய்யவில்லை. 2021 பிப்ரவரி 15 அதிகாலையில் கடுங்குளிரில் நிலையங்கள் வரிசையாக நின்றன. முழு மாகாணமும் இருளில் விழ நாலரை நிமிஷமே மிச்சம் என்ற நிலை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் வெட்டப்பட்டது. அரசுக் கணக்குப்படியே 246 பேர் மாண்டார்கள். அதே நாட்களில் மின்சாரத்தின் மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை ஏறி நின்றது. குளிரில் விறைத்துச் செத்தவன் ஒருவன். லாபம் அடித்தவன் வேறொருவன்.

அவ்வளவு தூரம் போவானேன்? சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே 1,200 மெகாவாட் அனல் மின் நிலையம் கட்டிய ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். என்ற நிதிக் கம்பெனி 2018இல் தொண்ணூறாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடனோடு கவிழ்ந்தது. கணக்குப் புத்தகம் எந்த நாளில் கவிழும் என்று தெரியாதவர்களிடம் தேசத்தின் தேரை ஒப்படைக்கலாமா?

யார் வீட்டு விளக்கு முதலில் அணையும்?

காத்திருப்புச் சக்தி போதாவிட்டால் கடைசிக் காவல் ரிலே. அதிர்வெண் 49.4க்கு இறங்கினால் முதல் கட்டம். மேலும் இறங்கினால் அடுத்தடுத்த கட்டங்கள். சப்-ஸ்டேஷனில் அது தானாகவே சில பாதைகளைத் துண்டித்துவிடும். ரிலேக்கு ஜாதியும் வர்க்கமும் தெரியாது. ஆனால் எந்தப் பாதையில் ரிலேயை வைப்பது என்று தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். ஆஸ்பத்திரியை விட்டுவைக்கட்டும், நியாயம். மற்றபடி?

2012ஐ நினைத்துப் பாருங்கள். தட்டுப்பாட்டைப் பங்கிட்டபோது சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. நம்மைப் போன்ற ஜில்லாக்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். பம்புசெட் நின்றால் நடவு நிற்கும். நடவு நின்றால் நடவாளுக்குக் கூலி இல்லை. ஆலை நின்றால் பதிலிக்கு வேலை இல்லை. மின்சாரப் பஞ்சம் கூலிப் பஞ்சமாகத்தான் நம் வீட்டுக்கு வரும்.

பதிலியின் கணக்கு

இப்போது டீக்கடைத் தோழரின் கேள்விக்கு வருகிறேன்.

நூற்பாலைத் தொழிலாளிக்குப் பதிலி என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. விடிகாலையில் கேட்டில் நிற்பான். யாராவது லீவு போட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். போடாவிட்டால் வீட்டுக்குப் போவான். அவன் நிற்பதால்தான் தறியும் கதிரும் ஓயாமல் ஓடுகின்றன. மின்சாரத்தில் காத்திருப்புச் சக்தி செய்யும் அதே வேலையை ஆலையில் பதிலி செய்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் 1953இல் லே-ஆஃப் ஷரத்து சேர்ந்தது. வேலை கொடுக்க முடியாத நாளுக்குப் பாதிச் சம்பளம். ஆனால் ஒரு வருஷத் தொடர் வேலையைக் காட்ட முடியாத பதிலிக்கு இல்லை. 2020ஆம் ஆண்டின் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் பதிலியை அதே மாதிரி வெளியே நிறுத்தியிருக்கிறது.

ஆக, இயந்திரம் காத்திருந்தால் அது சேவை, கட்டணம் உண்டு. மனிதன் காத்திருந்தால் அது வேலையின்மை, கட்டணம் இல்லை. காரணம், இயந்திரத்துக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். பதிலிக்கு அவன் வயிறு மட்டும்தான் சொந்தம்.

நாம் கோருவது என்ன?

காத்திருப்புச் சக்தி பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். குந்தா வேலையைச் சர்க்காரே விரைந்து முடிக்க வேண்டும். புதிய நீரேற்று நிலையங்களையும் பேட்டரி நிலையங்களையும் பொதுத்துறையே கட்ட வேண்டும். எந்தெந்தப் பாதையில் ரிலே இருக்கிறது என்பதைப் பகிரங்கமாக வெளியிட்டு, சுமையைப் பட்டணத்துக்கும் கிராமத்துக்கும் முறைவைத்துப் பங்கிட வேண்டும். மின்வாரியத்தின் காலி இடங்களை நிரப்பி, ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். கொதிகலன் பராமரிப்பில் மிச்சம் பிடிக்கக் கூடாது. காத்திருக்கும் நாளுக்குப் பதிலிக்கும் பாதிச் சம்பளம் சட்டமாக வேண்டும்.

தோழர்களே! இதை ஆலை வாசலில் பேசுங்கள், களத்துமேட்டில் பேசுங்கள். மின் ஊழியர் பொதுத்துறையைக் காக்கப் போராடும்போது அது அவர்கள் சம்பளப் பிரச்னை என்று ஒதுங்கி நிற்காதீர்கள். அது நம் விளக்கு, நம் நடவு, நம் கூலி.

தேர் ஊர்ச் சொத்து. வடம் பிடிப்பவர்கள் நாம். முட்டுக்கட்டையை மட்டும் ஏன் முதலாளி கையில் கொடுக்க வேண்டும்?