கிம் ஜோக் முடிஞ்சுதா? இப்ப கூடங்குளம் பத்திப் பேசலாமா?

ஞாயித்துக்கிழமை காலை. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாலு சுத்து முடிச்சுட்டு (சரி, ரெண்டரை) பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்க செட்டில் ரிடையர்டு பேங்க் ஆபீசர் ஒருத்தர் உண்டு. வாட்ஸப்பில் ஒரு வீடியோவைக் காட்டி, "ஸார், இதப் பாருங்கோ. வடகொரியாவுல எல்லாரும் அந்த கிம் மாதிரியே முடி வெட்டிக்கணுமாம். மாட்டேன்னா உள்ள தள்ளிடறானாம்"னு விழுந்து விழுந்து சிரிச்சார். பக்கத்து பெஞ்சும் சேர்ந்து சிரிச்சுது. அடுத்தது மாமாவை நாய்களுக்குப் போட்ட கதை. அதுக்கும் சிரிப்பு.

நான் மட்டும் சிரிக்கலை. "என்ன ஸார், உடம்பு சரியில்லையா?"ன்னார். உடம்பு நல்லாத்தான் இருக்கு. எரிச்சல்தான். அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துண்டு வந்து உட்காருங்க.

முதல்ல அந்தக் கதைகளை முடிச்சுடறேன். முடிவெட்டுச் சட்டத்துக்கு உருப்படியான ஆதாரம் எதுவும் கிடையாது. நாய்க் கதை சீனாவில் யாரோ நக்கலுக்கு எழுதினது. அதை நிஜம்னு நம்பி 2014 தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. மாமா ஜாங் சாங் தேக்கை 2013 டிசம்பரில் கொன்னது நிஜம், நாய்தான் பொய். ஹியோன் சாங் வோல்னு ஒரு பாடகியை 2013ல் சுட்டுக் கொன்னுட்டாங்கன்னு தென்கொரியப் பத்திரிகை எழுதிச்சு. அந்தம்மா 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தென்கொரியாவுக்கே நேர்ல வந்து இறங்கினாங்க. 2020ல் கிம்மையே சாகடிச்சோம், மே மாசம் உர ஆலை திறக்க வந்துட்டார்.

அதாவது, பொய்யா இருந்தா எல்லாருக்கும் தெரியுது. நிஜமா நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வந்தது எதுவும் தெரியலை. இதான் என் சண்டை.

வடகொரியாவைப் பத்தி எழுதறவங்க எல்லாரும் முதல் வரியிலேயே "உலகத்திலிருந்து தனிமைப்பட்ட நாடு"ம்பாங்க. என்னைக் கேட்டா அது பாதிப் பொய். உள்ள இருக்கிற ஜனங்கதான் தனிமையில் இருக்காங்க, பாவம். அரசாங்கம் தனியா இல்லை. அது கடை வெச்சிருக்கு. கடைக்கு வாடிக்கைக்காரங்க இருக்காங்க. தி.நகர் பிளாட்பாரக் கடைக்காரர் மாதிரி, போலீஸ் வந்தா மூட்டையைக் கட்டும், போனதும் திரும்ப விரிக்கும். இந்தக் கடைச் சரக்கு நம்ம பக்கம் எத்தனை தடவை வந்திருக்குன்னு பாருங்க.

ஒண்ணு. 1998 ஏப்ரல் 6. பாகிஸ்தான் கௌரி ஏவுகணையைச் சோதிச்சது. டெல்லியும் மும்பையும் எட்டும் தூரத்தில் வர்ற சமாசாரம். அது வடகொரியாவின் நோடாங் ஏவுகணைக்கு வேற பெயிண்ட் அடிச்சதுதான்னு நிபுணர்கள் பெரும்பாலும் ஒத்துக்கறாங்க. அடுத்த மாசம், மே 11, 13 தேதிகளில் நாம பொக்ரானில் வெடிச்சோம். கௌரிதான் முழுக் காரணம்னு சொல்ல வரலை. ஆனா அந்த வருஷத்துச் சூட்டுக்கு விறகு போட்டதில் பியாங்யாங்குக்கும் பங்கு உண்டு. பதிலுக்கு என்ன போச்சு? முஷாரஃப் 2006ல் தன் சுயசரிதையிலேயே எழுதினார்: ஏ.க்யூ.கான் கிட்டத்தட்ட ரெண்டு டஜன் சென்ட்ரிஃப்யூஜ்களை வடகொரியாவுக்குக் கொடுத்தார்னு. கானே 2004 பிப்ரவரியில் டிவியில் வந்து ரகசியங்களை வெளியே கொடுத்ததை ஒத்துண்டார். ஏவுகணை இந்தப் பக்கம், யுரேனியம் செறிவூட்டும் எந்திரம் அந்தப் பக்கம். சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி.

ரெண்டு. 1999 ஜூன். கார்கிலில் நம்ம பசங்க செத்துண்டிருந்த மாசம். குஜராத் காண்ட்லா துறைமுகத்துக்கு கு வோல் சான்னு ஒரு வடகொரியக் கப்பல் சர்க்கரை இறக்க வந்தது. உள்ள இருந்த மத்த பெட்டிகளுக்கு "தண்ணீர் சுத்திகரிப்புச் சாதனம்"னு கணக்கு. மெட்ராஸ்காரனுக்குத் தண்ணி சுத்திகரிப்புன்னா கேன் தெரியும், ஆர்.ஓ. தெரியும். அந்தப் பெட்டிகளில் இருந்தது ஏவுகணைப் பாகங்கள், அதைத் தயாரிக்கிற எந்திரங்கள், ஸ்கட் ஏவுகணை வரைபடங்கள். நம்ம சுங்க அதிகாரிகள் கப்பல்காரங்களோட மல்லுக்கட்டித்தான் திறந்து பார்த்தாங்க. சரக்கு பாகிஸ்தானுக்குன்னு அப்ப சந்தேகம். பிறகு லிபியாவுக்குன்னும் செய்தி வந்தது. யாருக்கா இருந்தா என்ன, கடைக்காரர் ஒருத்தர்தானே. எத்தனை பேருக்கு இந்தக் கப்பல் ஞாபகம் இருக்கு? அந்த சுங்க அதிகாரிகளுக்கு யாராவது படம் எடுத்தோமா? இல்லை. முடிவெட்டு வீடியோதான் பார்த்தோம்.

மூணு. இப்ப ஏவுகணை விக்கிறதைவிட லாபமான தொழில் கிடைச்சாச்சு, திருட்டு. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட நூறு கோடி டாலரை உருவப் பார்த்தாங்க. 8.1 கோடி பிலிப்பைன்ஸ் வழியா போயே போச்சு. 2 கோடி நம்ம பக்கத்து வீட்டு இலங்கையில் ஒரு வங்கிக்கு வந்தது. ஃபவுண்டேஷன்ங்கிற வார்த்தையைத் திருடன் தப்பா எழுதினதால் மாட்டிண்டு திரும்பிப் போச்சு. (ஸ்பெல்லிங் முக்கியம்னு எங்க வாத்தியார் சொன்னப்ப நான் கேட்கலை.) 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கியில் 94 கோடி ரூபாய் போச்சு, அதில் பெரும்பகுதியை 28 நாடுகளின் ஏ.டி.எம்.களில் எடுத்தாங்க. ஐ.நா. நிபுணர் குழு அதை வடகொரியக் கணக்கில்தான் எழுதிச்சு. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23.5 கோடி டாலர். அது வடகொரிய வேலைன்னு அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூணும் 2025 ஜனவரியில் கூட்டறிக்கை விட்டன. அடுத்த மாசமே பைபிட்டில் 150 கோடி டாலர். அடையாரிலும் தி.நகரிலும் போனில் கிரிப்டோ வெச்சிருக்கிற பசங்க எத்தனை பேர்! அவங்க காசில் ஏவுகணை போகுதுன்னா இது தூர தேசத்துச் சமாசாரமா?

இப்ப நாலாவது. நான் கத்தறதுக்கு உண்மையான காரணம்.

2019 அக்டோபர் 28. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் உளவு நிரல் புகுந்திருக்குன்னு இணையத்தில் விஷயம் கசிஞ்சது. அடுத்த நாள் நிலையத்திலிருந்து மறுப்பு: எங்க கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையோட இணைக்கப்படலை, தாக்குதல் சாத்தியமே இல்லை, பரவறது பொய்த் தகவல். அதுக்கு அடுத்த நாள், அக்டோபர் 30, மேலிடமான அணுமின் கழகம் வேற அறிக்கை விட்டது: நிரல் கண்டுபிடிக்கப்பட்டது சரிதான். நிர்வாக வேலைக்கான, இணையத்தோட இணைஞ்ச ஒரு கணினியில் இருந்தது. செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் சொல்லிடுச்சு, விசாரிச்சாச்சு.

கணக்குப் போடுங்க. செப்டம்பர் 4லிருந்து அக்டோபர் 29 வரை 55 நாள். துறைக்குள்ள விஷயம் தெரிஞ்சு 55 நாள் கழிச்சு ஜனங்களுக்குக் கிடைச்சது மறுப்பு. 56ஆவது நாள் ஒப்புதல். அதுவும் வெளியில் கசிஞ்சதால்.

நிரலின் பேர் டிட்ராக். தட்டற எழுத்து, பார்த்த பக்கங்கள், கணினியில் இருக்கிற கோப்புகளின் பட்டியல், வலை முகவரிகள், எல்லாத்தையும் குறிச்சு அனுப்பற ஜாதி. அதை லாசரஸ் குழுவோட சேர்த்தது காஸ்பர்ஸ்கி. அந்தக் குழுவை வடகொரியாவோட சேர்க்கிறது அமெரிக்க அரசு உட்படப் பலர். கூடங்குளத்தில் யார் கைன்னு நம்ம அரசாங்கம் வாயைத் திறந்து சொல்லலை. அதனால் நானும் "நிரூபணமாச்சு"ன்னு சொல்ல மாட்டேன். ஆனா சுட்டு விரல்கள் ஒரே திசையில்தான் நீட்டியிருக்கு.

"அட, ஆபீஸ் கம்ப்யூட்டர்தானே, உலையைத் தொடலையே"ம்பீங்க. தொடலை, நம்பறேன். ஆனா திருடன் பீரோவைத் தொடலை, ஹால்ல உட்கார்ந்து குடும்ப ஆல்பத்தை முழுசாப் பார்த்துட்டுப் போயிருக்கான்னா நீங்க நிம்மதியா தூங்குவீங்களா? யார் எந்த வேலை பார்க்கிறார், யாருக்கு எந்தக் கடவுச்சொல், எந்தக் கோப்பு எங்கே இருக்கு. அடுத்த தடவை வர்றதுக்கு அதுதான் வரைபடம். இரானில் நடான்ஸ் ஆலையும் வெளி வலையோட இணைக்கப்படாததுதான். அங்கே ஸ்டக்ஸ்நெட் பென் டிரைவ் ஏறிப் போச்சுன்னு 2010லேயே உலகத்துக்குத் தெரியும். அதைச் செஞ்சது அமெரிக்காவும் இஸ்ரேலும்னுதான் பரவலா நம்பறாங்க. நல்ல பிள்ளைங்க யாரும் இல்லை இந்த ஆட்டத்தில். ஆனா "தனி வலை, சாத்தியமே இல்லை"ன்னு 2019ல் ஒரு அணுமின் நிலையம் சொல்லலாமா?

இன்னொண்ணு. 2011, 2012ல் இடிந்தகரை ஜனங்க பாதுகாப்பு பத்திக் கேள்வி கேட்டாங்க. பதில் என்ன வந்தது? ஆயிரக்கணக்கில் தேசத் துரோக வழக்கு. பிரதமரே 2012 பிப்ரவரியில், பின்னாடி அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருக்குன்னார். மீனவப் பொம்பளைங்க கிட்ட அந்நியக் கையைத் தேடினவங்க, ஏழு வருஷம் கழிச்சு அசல் அந்நியக் கை கணினிக்குள்ள வந்து உட்கார்ந்தப்ப "பொய்த் தகவல்"னாங்க. நான் அணு மின்சாரத்துக்கு எதிரி இல்லை. அந்தக் கரண்ட்டில்தான் இதை டைப் அடிக்கிறேனோ என்னவோ. இங்கேயிருந்து ஈ.சி.ஆரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல போனா கல்பாக்கம். கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

இப்ப வழக்கமான பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்.

"அமெரிக்காதான் பெரிய ரவுடி. குண்டு போட்டது அவன் மட்டும்தான். கடாஃபி 2003ல் திட்டத்தைக் கைவிட்டார், 2011ல் செத்தார். கிம் புத்திசாலி." தோழர், முதல் பாதிக்கு நானும் கை தூக்கறேன். இராக்கில் இல்லாத ஆயுதத்தைத் தேடினதை மறக்கலை. ஆனா வீட்டுக் காவலுக்குக் கம்பு வெச்சுக்கறது வேற, தெருத்தெருவா அருவா விக்கிறது வேற. 2006லிருந்து 2017க்குள்ள ஆறு தடவை அணுகுண்டு சோதிச்ச அதே அரசு, 1990களில் சொந்த ஜனங்க லட்சக்கணக்கில் பட்டினியில் சாகறதைப் பார்த்துண்டு ஏவுகணைக்குக் காசு தேடின அரசு. 80,000லிருந்து 1,20,000 பேர் வரை அரசியல் கைதி முகாம்களில்னு ஐ.நா. விசாரணைக் குழு 2014ல் சொல்லிச்சு. அமெரிக்கா கெட்டவன்ங்கிறதால் இது நல்லதாயிடுமா?

"நாமளும்தான் அணுப் பரவல் தடுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலை." போடலை. அதே சமயம் யாருக்கும் விக்கவும் இல்லை. ஆனா நம்ம கையும் முழுச் சுத்தம் இல்லை: டேராடூனில் இருக்கிற விண்வெளிக் கல்வி மையத்தில் வடகொரியர்கள் படிச்சதை ஐ.நா. குழு 2016ல் சுட்டிக்காட்டிச்சு. உணவு, மருந்து தவிர மத்த வியாபாரத்தை நாம நிறுத்தினது 2017லதான்.

"அப்ப குண்டு போட்டு அழிச்சுடலாமா?" வேண்டவே வேண்டாம். அங்க சாகப்போறது அந்த முகாம்காரங்களும் சோல் நகரத்து ஜனங்களும்தான். தூதரகம் வெச்சுப் பேசறது நல்லது. நம்ம பியாங்யாங் தூதரகத்தை 2024 டிசம்பரில் திரும்பத் திறந்ததில் எனக்கு சந்தோஷமே. கவலை வேற இடத்தில். அதே 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டதால், தடைகளைக் கண்காணிச்ச அந்த ஐ.நா. நிபுணர் குழுவே ஏப்ரலோட மூடிப் போச்சு. ஜூனில் புதினும் கிம்மும் ஒப்பந்தம். அந்த வருஷக் கடைசியில் வடகொரியச் சிப்பாய்கள் குர்ஸ்க் சண்டையில். இப்ப கடையில் சரக்கோட ஆளும் விக்கிறாங்க. நம்ம நீண்டநாள் நண்பர் ரஷ்யாதான் பெரிய வாடிக்கைக்காரர். கூடங்குளம் உலையைக் கட்டிக் கொடுத்ததும் ரஷ்யாதான். இந்த முடிச்சைப் பத்தி டெல்லியில் யாராவது உரக்கப் பேசிக் கேட்டீங்களா?

நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, கூடங்குளம் விசாரணையில் தெரிஞ்சதை, ரகசியத்தை விட்டுட்டு மத்ததையாவது ஜனங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த தடவை 55 நாள் காத்திருந்து மறுக்காதீங்க. ரெண்டு, நாம. சிரிக்கிறதைக் கொஞ்சம் நிறுத்துவோம். ஒரு சர்வாதிகாரிக்கு கோமாளி வேஷம் மாதிரி பாதுகாப்பான வேஷம் கிடையாது. நாம தொப்பையைப் பார்த்துச் சிரிச்சுண்டிருக்கும்போது கை எங்க போகுதுன்னு யாரும் பார்க்கிறதில்லை.

பெஞ்சில் இதையெல்லாம் சொல்லி முடிச்சேன். பேங்க் ஆபீசர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "காஸ்மாஸ் பேங்க் விஷயம் எனக்கே தெரியாது ஸார். முப்பத்தெட்டு வருஷம் பேங்க்ல இருந்தேன்"னார். வீடியோவை டெலீட் பண்ணலை. ஆனா வேற யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணவும் இல்லை. இன்னிக்கு அவ்வளவு போதும்.

டிஸ்கி: கிம் ஜோக் பின்னூட்டங்கள் அனுமதிக்கப்படும். கூடவே காண்ட்லா கப்பல் பேரையும் எழுதணும் :-)