விருந்தன்று அடுப்பருகே யார்?

சென்ற சனிக்கிழமை மாலை, தார்நாகாவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் ஒரு சிறு விருந்து நடந்தது. எங்கள் மூத்த ஆய்வாளர் ஒருவர் ஆறாண்டு உழைப்புக்குப் பின் வாய்மொழித் தேர்வில் தேறியதைக் கொண்டாடக் கூடியிருந்தோம். என்னையும் சேர்த்துப் பன்னிருவர். பிரியாணியை வெளியிலிருந்து வரவழைப்பது என்றும், அதற்கு முன் கொறிப்பதற்கு ஏதேனும் நான் செய்வது என்றும் முடிவாயிற்று. நான் செய்தது கோழி சாசேஜ். செய்த கருவி ஸ்லோ குக்கர். அதற்காக அடுப்பின் முன் நான் நின்ற நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. விருந்து முடியும் தறுவாயில் நண்பர் ஒருவர், "ஹைதராபாத்தில் இருந்துகொண்டு பாக்கெட் சாசேஜா? இதற்குப் பெயர் சமையலா?" என்று கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இப்பதிவு அவருக்கு நான் தர வேண்டியிருந்த விடை.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். அதை அறியாமல் வாதம் விளங்காது. ஒரு கிலோ சிறிய கோழி சாசேஜுகளை முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். உறைந்த இறைச்சியை அப்படியே ஸ்லோ குக்கரில் இடக் கூடாது. அது சூடேறப் பல மணி நேரம் எடுக்கும், கிருமிகள் பெருக அந்த இடைவெளி போதும். அமெரிக்க வீடுகளில் இதற்குத் திராட்சை ஜெல்லியையும் சில்லி சாஸையும் சம அளவில் கலப்பார்கள். நான் கால் கிலோ பழ ஜாம், அதே அளவு தக்காளி சில்லி சாஸ், நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், இடித்த மிளகு, துருவிய இஞ்சி ஆகியவற்றை வாணலியில் ஒரு கொதி வரும்வரை சூடாக்கி, சாசேஜுகளின் மேல் ஊற்றி மூடினேன். முதல் ஒரு மணி நேரம் மிகுசூடு, அடுத்த ஒரு மணி நேரம் குறைசூடு, அதன்பின் விருந்து முடியும்வரை சூடு காக்கும் நிலை. மூடியை அடிக்கடி திறந்து பார்த்தால் உள்ளிருக்கும் ஆவி வெளியேறி நேரம் கூடும். மரக்கறி உண்ணும் மூவருக்காக, வேகவைத்த சிறு உருளைக்கிழங்கை அதே சாறில் புரட்டி மின்சாரச் சோற்றுக் குக்கரில் தனியே வைத்தேன்; அதற்குத் தனிக் கரண்டி. பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்து வாங்கியிருந்தேன். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையப் பல்குத்தும் குச்சிகள். அவ்வளவுதான். மீதி மாலை முழுவதும் நான் மாடியில் மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி வாக்கியத்தை நண்பர் கவனிக்க வேண்டுகிறேன். அது என் குடும்பத்தில் எனக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத ஒன்று.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்த நாள்களை எண்ணிப் பார்க்கும்போது, அம்மாவின் முகம் எனக்கு நினைவில் வருவதில்லை. அவளுடைய முதுகுதான் வருகிறது. கூடத்தில் பேச்சும் சிரிப்பும் நடக்கும். அடுப்படியில் அவள் வாழைக்காயை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டுக்கொண்டிருப்பாள். நான் தட்டை ஏந்தி இரண்டுக்கும் நடுவே ஓடுவேன். "சூடா இருக்கும்போதே குடு, ஆறிப்போனா நல்லாருக்காது" என்பாள். விருந்தாளிகள் அவள் கைப்பக்குவத்தைப் புகழ்வார்கள். புகழ்ச்சியை நான்தான் உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். கடைசி ஈடு வெந்து முடிந்து அவள் முகம் கழுவி வெளியே வரும்போது, வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

'சுடச்சுட' என்பது தமிழில் உணவைப் பற்றிய உயர்ந்த பாராட்டுச் சொற்களுள் ஒன்று. அடுக்குத்தொடர் என்று இலக்கண வகுப்பில் படித்தோம். அச்சொல்லை நிறைவேற்றுவதற்கு ஓர் ஆள் அடுப்பருகே நின்றாக வேண்டும் என்பதை எந்த இலக்கண நூலும் சொல்வதில்லை. எண்ணெயில் பொரிக்கும் பண்டம் எதுவாயினும் அதன் சுவைக்கு ஆயுள் சில நிமிடம். ஆகவே உண்பவர் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் சமைப்பவர் நின்றிருக்க வேண்டும். நம் விருந்தோம்பலின் கட்டமைப்பிலேயே இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பஜ்ஜியின் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அது யாருடைய காலை வலிக்கச் செய்கிறது என்பதே என் கேள்வி.

இங்கே ஸ்லோ குக்கரின் பிறப்புக் கதையைச் சொல்வது பொருந்தும். அதை உருவாக்கியவர் சிகாகோவில் வாழ்ந்த இர்விங் நாக்சன் என்ற யூதக் கண்டுபிடிப்பாளர். 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1940இல் பெற்றார். அவருடைய தாய் லித்துவேனியாவின் வில்னா நகரிலிருந்து வந்தவர். அவ்வூரில் வெள்ளிக்கிழமை மாலை, பொழுது சாயுமுன், இறைச்சியும் அவரையும் தானியமும் நிறைந்த பானைகளைத் தெருமுனை ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோவார்களாம். அணையும் அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் அது வெந்து, மறுநாள் ஓய்வுநாள் உணவாகும். 'சோலண்ட்' என்பது அதன் பெயர். தாய் சொன்ன இந்த நினைவிலிருந்தே கருவி பிறந்தது என்று நாக்சனின் குடும்பத்தார் கூறியுள்ளனர். யூதச் சமய விதிப்படி ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. விதி எல்லோருக்கும் பொது. வீட்டுப் பெண்ணுக்கும் அது பொருந்தும். ஆக, இக்கருவியின் வேர் ஒரு நாளாவது யாரும் உழைக்கக் கூடாது என்ற கட்டளையில் இருக்கிறது.

ஹைதராபாத்தில் மெதுவாக வேகும் உணவுக்கு நாம் வெளிநாட்டுக் கருவியைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று நண்பர் சொல்வார். உண்மைதான். இந்நகரின் பெருமை ஹலீம். நிஜாம் காலத்தில் ஹத்ரமவுத்திலிருந்து வந்த அரபுப் படைவீரர்களோடு வந்து, இவ்வூர் மசாலாவில் ஊறி, இவ்வூரதாகவே மாறிய உணவு அது. அவ்வீரர்களின் குடியிருப்பான பார்க்கஸ் இன்றும் நகரின் தெற்கே இருக்கிறது. 'பேரக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லே மருவி அவ்வூர்ப் பெயராயிற்று. 2010இல் ஹைதராபாத் ஹலீம் புவிசார் குறியீடு பெற்றது; இந்தியாவில் இறைச்சி உணவொன்று அக்குறியீட்டைப் பெற்றது அதுவே முதன்முறை.

ஹலீமின் மூதாதை அரபு நாட்டு 'ஹரீஸா'. கோதுமையும் இறைச்சியும் இரவு முழுவதும் வேகும் பண்டம். பத்தாம் நூற்றாண்டு பாக்தாதின் சமையல் நூலிலேயே இடம்பெற்றது. யூதர்களும் பல நாடுகளில் அதை ஓய்வுநாள் உணவாகக் கொண்டிருந்தனர். எனவே வில்னாவின் சோலண்டையும் பார்க்கஸின் ஹலீமையும் தூரத்து உறவினர் என்று கருத இடமுண்டு. ஆனால் இருவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு. சோலண்ட் பானையை இரவில் யாரும் தொடுவதில்லை. ஹலீமைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரமலான் மாதத்தில் பழைய நகரின் உணவகங்களுக்கு வெளியே, செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய பட்டிகளின் மேல் பெரிய அண்டாக்கள் ஏறியிருக்கும். ஆள் உயரக் கட்டைகளால் இருவர் இருவராக நின்று, வெந்த கோதுமையையும் இறைச்சியையும் மசித்துக்கொண்டே இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை. எரியும் விறகின் அனல் முகத்தில் அடிக்கும். அரபியில் 'ஹரீஸா' என்பதன் வேர்ச்சொல்லுக்கு இடித்தல், நசுக்குதல் என்று பொருள். 'ஹலீம்' என்ற அரபுச் சொல்லுக்குப் பொறுமையுடையவர் என்று பொருள். உண்பவர் பொறுமையைப் போற்றுகிறார். இடிப்பவர் தோள் அதன் விலையைத் தருகிறது.

இதிலிருந்து நான் அடையும் முடிவு ஒன்று. 'மெதுவான சமையல்' என்று இன்று நாகரிகமாகப் பேசப்படுவதில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் மெதுவாக இருப்பது பாத்திரம். மனிதர் விலகிப் போய்விடலாம். மற்றொன்றில் பாத்திரத்தோடு மனிதரும் கட்டுண்டு கிடக்க வேண்டும். நாம் வியந்து போற்றுவது பெரும்பாலும் இரண்டாவதை. பட்டியருகே ஆண்கள் அவ்வேலையைச் செய்யும்போது அது கலையாகிறது, படமெடுக்கிறோம், கூலியும் உண்டு. வீட்டு அடுப்படியில் ஒரு பெண் அதையே செய்யும்போது, அது அன்பு என்ற பெயரில் கணக்கில் வராமல் போகிறது.

கணக்கிட்டவர்களும் இருக்கிறார்கள். நடுவண் அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி அப்படியே நிற்கிறது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் மறைக்க விரும்பவில்லை. சாசேஜ் பதப்படுத்திய இறைச்சி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அவ்வகை இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. அன்றாடம் உண்ணத் தக்கதன்று. ஆண்டில் ஓரிரு விருந்துக்கு மட்டும் என்பதே என் வரம்பு. அந்தப் பொட்டலத்துக்குள் நான் காணாத ஆலைத் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது என்பதும் உண்மை. என் பத்து நிமிடம் யாரோ ஒருவரின் பல மணி நேரத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அவருக்குக் கூலி உண்டு, கூலி போதவில்லை என்று கேட்கும் உரிமையும் உண்டு. என் அம்மாவுக்கு இரண்டும் இருந்ததில்லை.

கருவி தானாக விடுதலை தந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நாக்சனின் நிறுவனத்தை வாங்கிய மற்றொரு நிறுவனம் 1971இல் அதைக் 'கிராக்பாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, விளம்பரங்கள் வேலைக்குப் போகும் பெண்களை நோக்கியே பேசின. காலையில் பானையை ஏற்றிவிட்டு அலுவலகம் போகலாம் என்று பெண்ணிடம் சொன்னார்கள். பானையை ஏற்றும் பொறுப்பு ஆணுக்கும் உண்டு என்று அவனிடம் சொல்லவில்லை. ஓய்வுநாளுக்காகப் பிறந்த யோசனை, இரட்டை வேலைக்கு ஏற்ற கருவியாக விற்கப்பட்டது. யார் பானையை ஏற்றுவது, யார் கழுவுவது என்ற கேள்வியை எந்த மின்கருவியும் நமக்காகத் தீர்க்காது. அன்று எங்கள் மாடியில் பாத்திரம் கழுவியவர்கள், அன்று முனைவரானவரும் என்னைக் கேள்வி கேட்ட நண்பரும்தான் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

தமிழில் 'வேகம்' என்ற சொல்லும், 'வேக வை' என்பதில் வரும் 'வேக' என்ற வினையும் ஒலியால் நெருங்கியவை, பிறப்பால் தொடர்பற்றவை. முன்னது வடமொழியிலிருந்து வந்தது, பின்னது 'வே' என்னும் நம் பழைய வினையடி. முதலாண்டு மாணவர்களுக்கு ஒலி ஒற்றுமையைக் கண்டு உறவு கற்பிக்காதீர்கள் என்று சொல்ல இந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்துவேன். கைப்பாடும் அன்பும்கூட அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. நெடுங்காலம் ஒரே அடுப்படியில் சேர்ந்து ஒலித்ததால், ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்று நம்பிவிட்டோம். அடுப்பருகே நிற்காமலும் ஒருவரை நேசிக்கலாம். அருகே உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்பது அதனினும் குறைந்த நேசமன்று.

மறுநாள் காலை அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். சாசேஜ் என்றால் என்ன என்று விளக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. ஜாமும் சில்லி சாஸும் சேருமா என்று கேட்டு முகம் சுளித்திருப்பாள், குரலில் தெரிந்தது. பிறகு, "ஏளா, வந்தவுகளோட நீயும் உக்காந்தா சாப்பிட்ட?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "அந்தப் பாத்திரம் என்ன வெலை?" என்றாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒன்று வாங்கிப்போகிறேன். பானையை ஏற்றுவதற்கு அப்பாவுக்கும் தம்பிக்கும் கற்றுத்தருவது என் அடுத்த ஆய்வுப் பணி.