பாறையில் மஞ்சள் பல்லி... பிடித்துக் கொடுக்கலாமா?

''எங்கள் நிலத்தை ஒட்டிய குன்றில், பாறை இடுக்குகளில் மஞ்சள் நிறத்தில் பெரிய பல்லிகள் இருக்கின்றன. 'விஷப்பல்லி' என்று ஊரில் பயப்படுகிறார்கள். வெளியூர் ஆள் ஒருவர், பிடித்துக் கொடுத்தால் பணம் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?''

- வாசகர் ஒருவர், வேலூர் மாவட்டம்.

''பிடிக்காதீர்கள். அந்த ஆளுக்கு இடத்தையும் காட்டாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளம் பொன்பல்லிக்குப் பொருந்துகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வாழும் அரிய இனம் இது. 1870-ம் ஆண்டு பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைப் பதிவு செய்தார். பிறகு நெடுங்காலம் தகவலே இல்லாமல் இருந்து, 1980-களில்தான் ஆந்திர மலைகளில் மீண்டும் கண்டறியப்பட்டது. வேலூர் பக்கத்து மலைகளிலும் இருப்பது பின்னர் தெரிய வந்தது. இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பல்லி இலங்கையில் மட்டும் உண்டு.

விஷம் என்ற பயம் வேண்டாம். நம் ஊர்ப் பல்லிகள் எதற்கும் விஷம் கிடையாது. பல்லி விழுந்த உணவைச் சாப்பிட்டால் வாந்தி வருவது, அதன் எச்சத்திலும் உடம்பிலும் உள்ள கிருமிகளால்தான். பொன்பல்லி பகலில் இடுக்கில் பதுங்கி, இரவில் பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குத்தான் அந்தப் பளிச்சென்ற மஞ்சள் நிறம். பெண்ணும் குஞ்சும் பாறை நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படுவது கடினம்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது முட்டைகளை. பல பெண் பல்லிகள் ஒரே இடத்தில் முட்டையிட்டுப் பாறையோடு ஒட்டி வைக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே இடத்தைத் தேடி வரும். ஆகவே, ஒரு பாறையை வெடி வைத்து உடைத்தால் பல குடும்பங்களின் பிள்ளைப்பேறே போய்விடும். வெள்ளையாக ஒட்டியிருக்கும் ஓடுகளைச் சுரண்ட வேண்டாம். பாறையடியில் சருகுக்குத் தீ வைக்க வேண்டாம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பொன்பல்லி இருக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பட்டா நிலத்தில் பிடித்தாலும் குற்றம்தான். பணம் தருவதாகச் சொன்னவர் நழுவிவிடுவார். பிடித்துக் கொடுத்தவர்தான் மாட்டுவார்.

தொந்தரவு செய்யாமல், தூரத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் காட்டினால், பொன்பல்லிதானா என்று பார்த்துச் சொல்வார்கள். விலை பேச வந்த ஆளைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள்.''