களைப்பும் கவலையும்: சத்துக்குளிசை தீர்க்குமா?



நீரிழிவு கிளினிக்குக்கு வரும் அம்மாமாரிடம் சுகம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "உடம்பு ஏலாது பிள்ளை, மனமும் சரியில்லை." சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்பது கிளினிக் கொப்பியில் பதியப்படும். மனம் சரியில்லை என்பதைப் பதிய அங்கே இடமில்லை. எனவே அந்தப் பாரத்தை நாம் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு போகின்றோம். போகும் வழியில் மருந்துக்கடையில் "களைப்புக்கு ஏதும் தாருங்கோ" என்று கேட்டு ஒரு போத்தல் சத்துக்குளிசையும் வாங்குகின்றோம். அந்தக் குளிசைகளைப் பற்றி இம்மாதம் பார்ப்போம்.

நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு ஏனையோரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. எமது பிரதேசத்துப் பெண்களுக்கு இதன்மேல் போரின் இழப்புகளும், தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் சுமையும் சேர்ந்துள்ளன. இதனால் ஒரு பெண் சோர்ந்து கிடந்தால் அயலவர்கள் உடனே, "அவ யோசிக்கிறா" என்று சொல்லிவிடுவார்கள். அவரும் அதை ஏற்றுக்கொள்வார். சில வேளைகளில் அது உண்மை. சில வேளைகளில் யோசனைக்குப் பின்னால் மருந்தால் மாறக்கூடிய ஒரு குறைபாடு ஒளிந்திருக்கும்.

அவற்றுள் முக்கியமானது விற்றமின் பி12 குறைபாடு. நீரிழிவுக்கு அதிகமாகக் கொடுக்கப்படும் குளிசை மெற்போமின். நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் வருடக்கணக்கில் எடுக்கும்போது, உணவிலுள்ள பி12ஐக் குடல் உறிஞ்சுவதை அது குறைக்கக்கூடும். அளவு கூடியவர்களுக்கும் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் இது ஏற்படுவது சாதாரணம் என பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனம் 2022இல் அறிவுறுத்தியது. பி12 குறைந்தால் களைப்பு, மறதி, எரிச்சல், மனச்சோர்வு, நாக்குப் புண், கால் விறைப்பு, பாத எரிவு என்பன தோன்றலாம். கால் விறைப்பும் எரிவும் நீரிழிவாலும் வருவதால், "இது சீனியின் வேலை" என்று விட்டுவிடுகின்றோம். மற்றவற்றை "யோசனை" என்று விட்டுவிடுகின்றோம்.

எனக்குத் தெரிந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கின்றேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன். 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மகன் திரும்பி வரவேண்டும் என்று நேர்த்தி வைத்து, அவர் மச்சத்தை முற்றாக விட்டவர். முட்டையும் இல்லை. பாலுக்குக் காசில்லாததால் பிளேன்ரீதான். பத்து வருடமாக மெற்போமின் எடுத்து வந்தார். காலெரிவால் இரவில் நித்திரை இல்லை. அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவார். பேரப்பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்துவிட்டுப் பிறகு தானே அழுவார். மகனை நினைத்து நினைத்து இப்படி ஆகிவிட்டார் என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். ஒரு வைத்தியர் மட்டும், "அம்மா என்ன சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டார். இரத்தத்தைப் பரிசோதித்தபோது பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி மருந்து கொடுத்தார்கள். நேர்த்தியை முறிக்க வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில் எரிவு தணிந்தது, தலையும் தெளிந்தது. துக்கம் போகவில்லை. அது ஊசியால் போகக்கூடியதும் அல்ல. மகனின் படத்தோடு போராட்டத்துக்கு அவர் இப்போதும் போகின்றார். முன்பு ஒருவர் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும், இப்போது தனியாக நடந்து போகின்றார்.

பி12 மீன், முட்டை, பால், தயிர், இறைச்சி ஆகியவற்றில் உள்ளது. மச்சம் சாப்பிடுபவர்களுக்கு நெத்தலி, சூடை போன்ற மலிவான சிறுமீன்களே போதிய அளவு தரும். முருங்கையிலையும் வல்லாரையும் நல்லவை. ஆனால் கீரைகளில் பி12 இல்லை. சைவ உணவு உண்பவர்கள் மெற்போமினும் எடுப்பார்களாயின் கட்டாயம் இதைப் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். அதற்காக மெற்போமினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்படியானால் கடையில் விற்கும் ஏனைய குளிசைகள்? மனதுக்கு நல்லது என்று விற்றமின் டியும் மீனெண்ணெயும் சொல்லப்படுகின்றன. அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 18,353 பேரிடம் ஐந்து வருடங்களுக்கு மேலாகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. விற்றமின் டி எடுத்தவர்களுக்கும் வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் மனச்சோர்வு வருவதில் வித்தியாசம் இருக்கவில்லை. மீனெண்ணெயும் மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்று அடுத்த வருடம் அதே ஆய்வாளர்கள் அறிவித்தனர். குறைபாடு உள்ளவருக்கு அந்தச் சத்து மருந்து. குறைபாடு இல்லாதவருக்கு அது வீண்செலவு.

சில வேளை தீங்கும் ஆகும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்தால் பி12 குறைவால் வரும் இரத்தசோகை மறைந்து, நரம்புப் பாதிப்பு உள்ளே வளரலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சில சத்துக்கள் உடலில் தேங்கிவிடும். சத்துமா, பானமாப் பெட்டிகளில் சீனி கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொத்தலஹிம்புட்டு, பாகற்காய்ச் சாறு போன்றவற்றை நீரிழிவுக் குளிசையுடன் சேர்த்து எடுத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.

சீனி இறங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம், எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். ஷெல்லடிக்குள் வாழ்ந்த எமக்குப் பதகளிப்பு வரும்போதும் இதே அறிகுறிகள்தான். எனவே பழைய பயம்தான் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். இன்சுலினோ, சீனியை இறக்கும் குளிசையோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். விரத நாட்களில் இது நடக்கும். பிள்ளைகளுக்கு எல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் தாய்மாருக்கு எந்த நாளும் நடக்கும். சோதிக்கும் கருவி இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலும், கருவி இல்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் குடித்து, பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள்:

1. வீட்டிலுள்ள எல்லாக் குளிசைப் போத்தல்களையும், குடிக்கும் நாட்டுமருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

2. மெற்போமின் எத்தனை வருடமாக எடுக்கின்றீர்கள், மச்சம் சாப்பிடுவீர்களா என்பதைச் சொல்லி, பி12 பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். களைப்புக்கு இரத்தசோகையும் தைரொயிட்டும் காரணமாகலாம், அவற்றையும் கேளுங்கள். புதிதாகச் சத்துக்குளிசை தொடங்க முன்னர் சோதிப்பதே நல்லது. குளிசை எடுத்த பிறகு இரத்தத்தில் உண்மை நிலை தெரியாது.

3. இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையில்லை, ஒன்றிலும் விருப்பமில்லை, சமைக்கவோ மருந்து போடவோ மனமில்லை என்றால், கொப்பியில் இடமில்லாவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சீனியைக் கட்டுப்படுத்துவதற்கும் அது தெரிய வேண்டும். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பும்படி கேட்கலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எமது துக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை எந்தப் போத்தலும் மாற்றாது. ஆனால் ஏற்கனவே பெரிய பாரம் சுமக்கும் ஒருவர், மாற்றக்கூடிய ஒரு குறைபாட்டையும் சேர்த்துச் சுமக்கத் தேவையில்லை. உங்கள் அயலில் "யோசிக்கிறா" என்று சொல்லப்படும் ஒரு பெண் இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக்குக்கு அவரோடு துணைக்குப் போங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களைப் பராமரிக்கும் முறையை அடுத்த இதழில் பார்ப்போம்.