சட்டையைக் கழற்ற மாட்டேன் என்ற பையன்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போன வாரம் நம் உறவுக்காரப் பிள்ளைகள் ஜவ்வாது மலைக்கு வந்து பீமன் அருவியில் குளித்தார்கள். படங்களைக் குடும்பக் குழுவில் போட்டார்கள். எல்லாப் பையன்களும் வெற்றுடம்போடு நிற்க, ஒருவன் மட்டும் நனைந்த பனியனை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வயது பதினாறு. அந்தப் படத்துக்குக் கீழே நம்மில் ஒரு பெரியவர், "இவனுக்கு ஒரு பாடி வாங்கிக் கொடுங்கப்பா" என்று எழுதினார். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அன்று ராத்திரியே பையன் குழுவை விட்டு வெளியேறிவிட்டான். மறுநாள் போனில் பேசினேன். "பேர் மட்டும் போடாதீங்க தாத்தா, எழுதுங்க" என்றான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். 1990களில் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தேன். சாயங்காலம் கபடி. இரண்டு அணிக்கும் வித்தியாசம் தெரிய ஒரு அணி சட்டையோடு, இன்னொரு அணி சட்டை இல்லாமல் ஆடும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "நான் கழட்ட மாட்டேன் சார்" என்றான். அடங்காத பிள்ளை என்று நினைத்து அதட்டிக் கழற்ற வைத்தேன். பையன்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் நானும் சிரித்தேன். அன்றைக்கே அவனுக்குப் பெண் பிள்ளை பெயர் ஒன்று வைத்துவிட்டார்கள். காலாண்டு லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. சந்தையில் அவன் அப்பாவைப் பார்த்துக் கேட்டபோது, "சாமை அறுப்புக்கு ஆள் இல்ல சார், நிறுத்திட்டேன்" என்றார். நம்பினேன். பதினைந்து வருடம் கழித்து ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் அவனே வந்து வணக்கம் வைத்துவிட்டுச் சொன்னான்: "அறுப்பெல்லாம் இல்ல சார். கபடிதான்."

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவன். குழந்தை உளவியல் என்று ஒரு பாடமே எங்களுக்கு இருந்தது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினேன். மைதானத்தில் ஃபெயில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆண்களுக்கு மார்பு பெரிதாவது அதிசயமோ சாபமோ அல்ல. டாக்டர்கள் இதை கைனகோமாஸ்டியா என்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவரே பெயர் வைத்துவிட்டார். ஏழாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் பால் இதற்கு அறுவை சிகிச்சை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்திருக்கிறார். அதாவது ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய வைத்தியம். "இந்தக் காலத்துப் பசங்க பிராய்லர் கோழி தின்னு இப்படி ஆயிட்டானுங்க" என்று சொல்லும் பெரியவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆண் உடம்பிலும் பெண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. அதற்கும் ஆண் ஹார்மோனுக்கும் உள்ள தராசு சற்றுச் சாய்ந்தால் காம்புக்குப் பின்னால் சுரப்பித் திசு வளரும். பதின்மூன்று, பதினான்கு வயதில் இந்தத் தராசு ஆடுவது சகஜம். வகுப்பில் இருக்கும் பையன்களில் நிறையப் பேருக்கு வரும், வெளியே தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். சிலருக்கு மட்டும் நின்றுவிடும்.

பிறந்த ஆண் குழந்தைக்கும் அம்மாவின் ஹார்மோனால் மார்பு வீங்கியிருக்கும், துளி பால் கூடச் சுரக்கும். நம் பாட்டிமார்கள் அதைப் பிடித்துப் பிழிந்து எடுப்பார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். சில வாரங்களில் தானே சரியாகும். பிழிந்தால்தான் புண்ணாகிச் சீழ் வைக்கும்.

பெரியவர்களுக்கு வேறு காரணங்களும் இருக்கும். கல்லீரல் கெட்டுப்போனால் வரும். சாராயமும் பிராந்தியும் கல்லீரலை என்ன செய்யும் என்று நம் ஊர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயிற்று நீருக்கும் இருதயத்துக்கும் தரும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையாலும் வரும். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசியாலும் வரும். தைராய்டு அதிகமானாலும், விதைப்பையில் கட்டி இருந்தாலும் வரும். ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கட்டி, காம்பிலிருந்து ரத்தம், தோல் உள்ளே இழுத்துக்கொள்வது என்று இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் நூறு பேருக்கு வந்தால் அதில் ஏறக்குறைய ஒருவர் ஆண். வெட்கப்பட்டு மூடி வைத்ததால் முற்றிய நிலையில் போகிறவர்கள் உண்டு. நம் கேலி இப்படி உயிரையும் எடுக்கும்.

இப்போது நீங்கள் சொல்லும் பதில்களுக்கு வருகிறேன்.

"ஓடினா, தண்டால் எடுத்தா போயிடும் சார்." பாதி உண்மை. வெறும் கொழுப்பு என்றால் உடம்பு இளைக்கும்போது அதுவும் குறையும். ஆனால் காம்புக்குக் கீழே ரப்பர் மாதிரி கையில் தட்டுப்படும் சுரப்பித் திசு ஓட்டத்தால் கரையாது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகி நார் பாய்ந்துவிட்டால் மாத்திரைக்கும் பெரும்பாலும் மசியாது. தினமும் மலைப் பாதையில் ஏறி இறங்கும் ஒல்லிப் பையனுக்கும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவனைப் போய் "சோம்பேறி" என்பது எந்த ஊர் நியாயம்?

"ஆம்பளைக்கு எதுக்கு அழகு ஆபரேஷன்?" இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் கேள்வி. பிள்ளைக்கு உதடு பிளந்து பிறந்தால் தைக்கிறோம். ஆறு விரல் இருந்தால் எடுக்கிறோம். மாறுகண்ணைச் சரி செய்கிறோம். அதையெல்லாம் அழகு என்று யாரும் சொல்லவில்லை. மார்பு என்றதும் மட்டும் ஆம்பளை, பொம்பளை என்று வந்துவிடுகிறது. நீங்கள் கேலி செய்யும்போது அது பெரிய குறை. அவன் வைத்தியம் கேட்கும்போது அது ஒன்றுமில்லாத விஷயமா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

என்னிடம் படித்த மலைவாசிப் பையன் ஒருவன் இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் தேறினான். அடுத்தது மைதானத்தில் உடல் அளவு. மார்பு 81 செ.மீ., மூச்சு இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். சட்டையைக் கழற்றித்தான் அளப்பார்கள். விடிகாலையில் போய் வரிசையில் நின்றவன், முன்னால் இன்னும் இருபது பேர் இருக்கும்போது விலகி பஸ் ஏறிவிட்டான். வீட்டில் "உயரம் பத்தலை" என்று சொல்லிவிட்டான். என்னிடம்தான் அழுதான். அவன் வயது அப்போது இருபத்திரண்டு. தானாகப் போகும் காலம் என்றோ தாண்டிவிட்டது.

ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்து வேறு நோய் இல்லை என்று பார்த்தார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறி, திசுவை எடுத்தார்கள். கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சினார்கள். சில வாரம் இறுக்கமான பனியன் போட வேண்டியிருந்தது. மூட்டை தூக்கக் கூடாது என்றார்கள். ஒரு பக்கம் ரத்தம் கட்டி வீங்கி, அதை எடுத்துவிட்டார்கள். காம்பில் உணர்ச்சி திரும்பச் சில மாதம் ஆனது. இதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இது முடிவெட்டுகிற சமாசாரம் இல்லை.

அடுத்த முறை மீண்டும் எழுதித் தேறினான். போலீஸ் ஆனானா என்று கேட்காதீர்கள். கயிறு ஏறுவதில் தோற்றுவிட்டான். ஆனால் சட்டையைக் கழற்றி, அளவு கொடுத்து, எல்லோரையும் போல நின்று தோற்றான். "இது வேற தோல்வி சார்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்து, இன்னொரு பக்கத்தையும் திட்டாமல் விட மாட்டேன். போனைத் திறந்தால் விளம்பரம். "ஒரே நாளில், வலியே இல்லாமல், மாதத் தவணையில்" என்று பதினான்கு வயதுப் பையன் பார்க்கும் இடத்தில் போடுகிறார்கள். தானாக வடியக்கூடிய வயதில் கத்தி வைப்பது வைத்தியமா, வியாபாரமா? வலியே இல்லாத அறுவை என்று ஒன்று கிடையாது. 2024இல் புதுச்சேரியிலிருந்து உடல் பருமன் குறைப்பு அறுவைக்குச் சென்னை வந்த இளைஞர் இறந்துபோனதை மறந்துவிடாதீர்கள். அது வேறு அறுவை, ஆனால் பாடம் ஒன்றுதான். தகுதி பெற்ற அறுவை நிபுணர் யார், மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசரம் என்றால் ஐசியூ இருக்கிறதா என்று கேட்காமல் எந்தப் படுக்கையிலும் படுக்காதீர்கள். களிம்பு தடவினால் கரையும், பொடி தின்றால் போகும் என்பவர்களுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

கேலியும் விளம்பரமும் கூட்டாளிகள் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் குழுவில் போடும் சிரிப்புப் பொம்மைதான் அந்தப் பையனை ராத்திரி தனியாக உட்கார்ந்து விளம்பரம் தேட வைக்கிறது. சிரிக்காமல் இருந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு அறுவையே தேவைப்படாது. காத்திருப்பார்கள், வடிந்துவிடும். வடியாதவர்கள் கூனிக் குறுகாமல் அம்மா அப்பாவோடு பகலில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுக்கு அணி பிரிக்க வேண்டுமா? கையில் கலர் ரிப்பன் கட்டுங்கள். பத்து ரூபாய் செலவு. எனக்கு அப்போது இது தோன்றவில்லை.

பெற்றோர்களே, பிள்ளை வெயில் காலத்திலும் இரண்டு பனியன் போடுகிறானா, கூன் போட்டு நடக்கிறானா, அருவிக்கு வர மறுக்கிறானா? தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்பா கேட்டால் நல்லது. டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். பெரும்பாலும் அவர் "பொறுத்திரு தம்பி" என்றுதான் சொல்வார். அந்த வார்த்தையை ஒரு டாக்டர் வாயால் கேட்பதே அவனுக்குப் பாதி மருந்து.

படத்துக்குக் கீழே எழுதிய பெரியவருக்கு: நீங்கள் எனக்கும் மூத்தவர். அதனால் பெயர் சொல்லவில்லை. பையன் வீட்டு வாசலுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். நான் அந்தக் கபடிப் பையனிடம் பஸ் நிறுத்தத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். ஆனால் அவன் எட்டாம் வகுப்பை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்