ஒற்றைப் பிரதியும் ஒரு பிடிச் சாம்பலும்!

தோழா,

ஓர் அரசு தன் நினைவை இழந்த கதையை இன்று உனக்கு எழுதுகிறேன். பகைவன் படையெடுத்து வந்து பாழாக்கிய கதையன்று. 2025 செப்டம்பர் 26 அன்று, தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசின் கணினி மையத்தில் நடந்த கதை!

மின்கலங்களை இடம் மாற்றும் வேலை நடந்தது. லித்தியம் மின்கலத்தில் தீப்பற்றியது. அணைப்பதற்கு ஏறத்தாழ 22 மணி நேரம் ஆயிற்று. 96 கணினி அமைப்புகள் கருகின. அவற்றுள் ஒன்று, அரசு ஊழியர்கள் தம் அலுவற் கோப்புகளைச் சேர்த்து வைத்த ‘ஜி-டிரைவ்’ என்னும் பெட்டகம். 858 டெராபைட்! வேறு ஊரில் அதற்கு நகல் உண்டா? இல்லை!

ஏன் இல்லை? அளவு பெரிது, ஆகவே வெளியே நகல் வைக்க இயலவில்லை என்றது அதிகாரபீடம்.

அளவு பெரிதாம்! ஏரி பெரிது என்பதற்காகக் கரையைக் கட்டாமல் விடுவார் உண்டோ? ஓர் ஊழியருக்கு ஒதுக்கிய இடம் 30 ஜிகாபைட். விரலளவு பென் டிரைவில் அடங்கிவிடும்! 2018ஆம் ஆண்டின் வழிகாட்டலோ, அலுவலகக் கணினியில் வைக்காமல் யாவற்றையும் அந்தப் பெட்டகத்திலேயே வைக்கச் சொன்னது. பணிந்தவன் இழந்தான், பணித்தவன் காரணம் சொன்னான்!

முறையாக ஒப்புதல் பெற்ற ஆவணங்கள் மட்டும் வேறோர் அமைப்பிலும் பதிவாகியிருந்ததால் பிழைத்தன. தீயின் மீது பழி போடுவோர்க்கு இதைக் காட்டு. தீ தன் இயல்பைச் செய்தது. காக்க வேண்டியவர்தாம் தம் கடமையைச் செய்யவில்லை!

ஓலையைக் கரையான் அரிக்கும் என்றறிந்த நம் முன்னோர், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். மின்விளக்கு இல்லாக் காலத்து ஏடெழுதுவோன் அறிந்ததை, மின்னணுக் காலத்து அரசு அறியாததேன்?

நகல் எடுத்தால் மட்டும் போதுமா? போதாது, தோழா! 2017இல் ‘கிட்லேப்’ நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவுகளை அழித்துவிட்டார். காப்பு முறைகள் பல இருந்தன. ஆபத்து வேளையில் அவை கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த, ஆறு மணி நேரத்துக்கு முந்தைய பிரதி ஒன்றே மானத்தைக் காத்தது. திறந்து பார்த்துச் சோதிக்காத நகல், துருப்பிடித்த வாள்!

ஆகவே மூன்று பிரதி வை. இரு வகைக் கருவிகளில் வை. ஒன்றை வேறு ஊரில் வை. நம் கிளையின் உறுப்பினர் பட்டியல் செயலாளரின் கைப்பேசியில் மட்டுமா இருக்கிறது? இன்றே பிரதி எடு!

பிறகு, நம் நிலப் பதிவையும் பிறப்புப் பதிவையும் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் அதிகாரிகளிடம் போ. நிமிர்ந்து நின்று இரண்டே கேள்வி கேள்: நகல் எந்த ஊரில் இருக்கிறது? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்த நாள் எது?

பதில் வரும்வரை திரும்பாதே!